கிருஷாந்தி கொண்டுபோன ரத்தம்

கிருஷாந்தி கொழும்பிலிருந்து வந்த அந்த வெள்ளிக்கிழமை எங்கள் மலையில் விடிந்ததிலிருந்தே மழை. டிக்கோயாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் குடை இருந்தும் விரிக்காமல் நனைந்துகொண்டே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு ஏறி வந்தாள். நான் அவர்கள் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் அவளுடைய தம்பி திலக்ஷனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர்களுடைய அம்மா வீரம்மா பெரியம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்தார். நான் அடுத்த காம்பராக்காரி, சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு. பெரியம்மா வேலைக்குப் போகும் நாட்களில் பையனை நான்தான் பார்த்துக்கொள்வேன்.

“அக்கா வருது. மூஞ்சப் பாத்தா கொழும்பே தண்ணியில போயிருச்சு போல” என்றான் திலக்ஷன்.

அவள் சிரிக்கவில்லை. பையை இறக்காமலே, “நாகு அக்கா, அம்மா எப்ப வரும்?” என்று கேட்டாள்.

“கொழுந்து நிறுவை முடிஞ்சு வந்துரும். ஏன்மா, என்னா?”

“நாளைக்கு அம்மாவையும் தம்பியையும் கொட்டகலைக்குக் கூட்டிட்டுப் போகணும். எங்க லேப் டாக்டர் அங்க கிளினிக்குக்கு வர்றாங்க. ரெண்டு பேருக்கும் மறுபடி ரத்தம் எடுக்கணும். எடுக்காட்டி என்னைய வேலையில இருந்து நிப்பாட்டிருவாங்கக்கா.”

எனக்குக் கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. ரத்தம் எடுத்தால் என்ன தெரியவரும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கிருஷாந்தி வீரம்மா பெரியம்மா பெற்ற பிள்ளை அல்ல.

பெரியம்மாவுக்கு முதல் இரண்டும் ஆண். இரண்டும் பிறந்து சில நாட்களிலேயே போய்விட்டன. அவருடைய கணவர் இராமையா பெரியப்பாவின் தங்கை ராசம்மா, கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழ்க்கைப்பட்டவர். ராசம்மாவுக்கு மூன்றும் பெண், நாலாவதும் பெண். பிள்ளை நிற்காத வீட்டில் ஒரு கைப்பிள்ளையை வாங்கி வளர்த்தால் அடுத்தது நிற்கும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. சும்மா வாங்கக் கூடாது, தவிட்டுக்கு வாங்க வேண்டும். பெற்றவள் பிள்ளையைச் சுளகில் கிடத்துவாள். வாங்குகிறவள் அவள் மடியில் தவிட்டைக் கொட்டிவிட்டுப் பிள்ளையை எடுத்துக்கொள்வாள். அத்தோடு பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் உறவு முடிந்தது. அது நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. தவிடு எங்கள் வீட்டிலிருந்துதான் போனது, கோழிக்கு வாங்கி வைத்திருந்தது. பிறகு மாரியம்மன் படத்துக்கு முன்னால் சூடம் கொளுத்தினார்கள். ராசம்மா, பெரியம்மா, பெரியப்பா, லயத்துப் பெரியவர்கள் ஒவ்வொருவரும் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள். இது கொடுத்த பிள்ளை என்ற பேச்சு யார் வாயிலும் வரக் கூடாது. வந்தால் பிள்ளை கையை விட்டுப் போய்விடும்.

யார் வாயிலும் வரவில்லை. எங்கள் லயத்தில் பொதுவான பீலிக் குழாய்த் தண்ணீருக்குச் சண்டை வந்தால் செத்தவர்களையெல்லாம் எழுப்பி இழுத்துவந்து ஏசுவார்கள். அப்படி ஏசிய நாட்களில்கூட ஒருவரும் அதைத் தொட்டதில்லை. பதிவும் பெரியம்மா பிள்ளையாகத்தான் நடந்தது. ராசம்மா வருஷத்துக்கு ஒருதரம், தீபாவளிக்கு அத்தையாக வந்து, அத்தையாகவே திரும்பிப் போவார்.

கிருஷாந்திக்கு ஒன்பது வயதானபோது திலக்ஷன் பிறந்தான். பிள்ளை நின்றது. பெரியப்பா லயம் முழுவதற்கும் சோறு போட்டார். நாலு வயதில் பையன் ஓடத் தெரியாமல் விழுந்துகொண்டிருந்தான். கெண்டைக்கால் மட்டும் பெருத்திருக்கும். தரையிலிருந்து எழும்போது கையைத் தொடையில் ஊன்றி, தன்மேலேயே தான் ஏறுவது போல எழுவான். பெரியம்மா அதைப் பார்த்த அன்றே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய சொந்தத் தம்பி இதே மாதிரிதான் எழுந்தாராம். பிறகு தவழ்ந்தாராம். மீசை அரும்புகிற வயதில் போய்விட்டாராம்.

கண்டி ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள். தசைகள் ஒவ்வொன்றாக வலுவிழந்து போகும் நோய். பெரியப்பாவுக்குத் துணையாகக் கிருஷாந்தியும் போயிருந்தாள், பள்ளிக்கூட உடுப்போடு. அங்கிருந்த டாக்டர், இது தாய் வழியில் வருவது, பெண்களுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் அவர்கள் ரத்தத்தில் சுமந்துகொண்டு போய்த் தங்கள் ஆண் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள் என்று சிங்களத்தில் சொன்னாராம். பெரியப்பா தலையை ஆட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். பெண் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டபோது அவர் கிருஷாந்தியைக் காட்டினார். வேறு என்ன செய்வார்?

அன்றிலிருந்து அவளுக்கு இரண்டே பிடிவாதம். ஒன்று, இதைப் படிப்பது. இன்னொன்று, கல்யாணம் செய்துகொள்ளாமல் இருப்பது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவள் படித்தவை எனக்குப் புரியாது. ஆனாலும் என்னிடம்தான் சொல்வாள், நான் குறுக்கே பேசமாட்டேன் என்பதால். உயர்தர வகுப்பில் உயிரியல் எடுத்தாள். மருத்துவத்துக்குப் புள்ளி எட்டவில்லை. பேராதனையில் விஞ்ஞானம் கிடைத்தது. எல்லாம் இங்கிலீஷ். முதல் வருஷம் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் பாடக் காகிதங்களின் ஓரத்தில் தமிழில் எழுதி எழுதி வைத்திருப்பாள்.

“டாக்டராகலன்னு யோசிக்காதீங்கக்கா” என்று ஒருதரம் சொன்னாள். “இதுக்கு மூணு வழி இருக்கு. டாக்டருக்குப் படிச்சிட்டு அதுக்கு மேல பரம்பரை நோய்க்குன்னு தனியா படிக்கிறது ஒண்ணு. லேப்ல உக்காந்து ரத்தத்துக்குள்ள அதத் தேடுறது ஒண்ணு. மூணாவது ரெண்டுக்கும் நடுவுல. குடும்பத்த முன்னால உக்கார வச்சு, இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு, யாருக்கு வரும், யாருக்கு வராதுன்னு அவங்க பாஷையில சொல்றது. எனக்கு அதுதாங்க்கா வேணும். கண்டியில அப்பா தலைய ஆட்டிக்கிட்டு நின்னாரே, அப்ப நம்ம பாஷையில ஒரு ஆள் இல்ல.”

“அதுக்கு எத்தன வருஷம் படிக்கணும்?”

“மொதல்ல டிகிரி. பொறகு லேப்ல பயிற்சி. அதுல நல்ல பேரு வாங்குனா டாக்டர் எழுதிக் குடுப்பாங்க, அதுக்கப்புறம் மேல் படிப்பு.”

“அதுக்குள்ள எனக்கு மீச மொளைச்சு நரைச்சிரும்” என்றான் திலக்ஷன், படுத்தபடி. அவளுக்கு முகம் மாறிவிட்டது. அவன் சிரிக்க வைக்கத்தான் சொன்னான்.

இரண்டாம் வருஷத்தில் பெரியப்பா போனார். தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து மலையில் குளவி கொட்டி, லொறி வரும் முன்பே முடிந்துவிட்டது. படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று நின்றவளைப் பெரியம்மாதான் திருப்பி அனுப்பினார். பையனைத் தூக்க நான் இருக்கிறேன் என்று அன்றைக்கு நானும் சொன்னேன். அப்படித்தான் நான் அவர்கள் வீட்டு ஆளானேன்.

படிப்பு முடிகிற சமயத்தில் கினிகத்தேனையிலிருந்து கல்யாணத்துக்கு ஒரு இடம் வந்தது. பிரதாப் என்று பெயர், மருந்துக்கடையில் வேலை. நல்ல பையன். நேராகவே வந்து கேட்டான். கிருஷாந்தி அவனை உட்கார வைத்து, “எனக்கு ஆம்பளப் பிள்ள பொறந்தா என் தம்பி மாதிரிதான் இருக்கும். பாத்துக்கங்க” என்று திலக்ஷனைக் காட்டினாள். அவன் தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே எழுந்து போய்விட்டான். நான் உள்ளே பார்த்தேன். பெரியம்மா நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கொழும்பில் லேப் பயிற்சி கிடைத்தது. அங்கே தமிழ் பேசுகிறவள் இவள் ஒருத்திதான். தமிழ்க் குடும்பம் எது வந்தாலும் டாக்டர் இவளைத்தான் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்துவார். டாக்டர் ஒரு சிங்கள அம்மா. இவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவாராம். அவரே ஒருநாள், “மற்றவர்களுக்கெல்லாம் பார்க்கிறாய், உனக்கு இருக்கிறதா என்று பார்த்துவிடுவோமா?” என்று கேட்டிருக்கிறார். பையனை அவ்வளவு தூரம் தூக்கிப் போக முடியாது. அதனால் தோட்டத்து டிஸ்பென்சரியில் தாய்க்கும் மகனுக்கும் ரத்தம் எடுத்து, கிருஷாந்தியே குழாய்களில் பெயர் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு போனாள். பெரியம்மா அன்று மறுப்புச் சொல்லாமல் கையை நீட்டினார். பையனுக்கு ஏதோ மருந்து பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நோய் இருக்கும் இடம் நேராகப் பிடிபடவில்லையாம். அப்படியானால் அதற்குப் பக்கத்தில் இருக்கும் அடையாளங்களைப் பார்ப்பார்களாம். தாயிடம் இரண்டு அடையாளம் இருக்கும். எந்தப் பிள்ளைக்கும் அதில் ஒன்றைக் கொடுத்துத்தான் தீர வேண்டும். திலக்ஷனிடம் பெரியம்மாவின் ஒன்று இருந்தது. கிருஷாந்தியிடம் இரண்டுமே இல்லை. அவளுக்கு மட்டும் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். அதே பதில். அப்படியானால் அவள் பெட்டியில் கொண்டுவந்த தாய் மகன் ரத்தம்தான் பிழை. அதே வாரம் பதுளைப் பக்கத்திலிருந்து இன்னொரு தாயும் மகனும் வந்து ரத்தம் கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய குழாய்களிலும் பெயர் எழுதியது இவள்தான். மாற்றி எழுதிவிட்டாள் என்று முடிவுக்கு வந்தார்கள். ஒரு பெயர் மாறினால் ஒரு குடும்பமே கெட்டுப்போகும் இடம் அது. அப்படி மாற்றியவளை அங்கே வைத்திருக்க மாட்டார்கள். மேல் படிப்புக்கு எழுதிக் கொடுக்கவும் மாட்டார்கள்.

“கொட்டகலை கிளினிக்ல வேற ஆள் கையால புதுசா எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அதுதான் கடைசி” என்றாள் கிருஷாந்தி. தலையைத் துவட்டாமல் உட்கார்ந்திருந்தாள். “நான் மாத்தலக்கா. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? மெஷின்லதான் ஏதோ. புதுசா எடுத்தா தெரிஞ்சிரும்.”

“அக்கா, பேசாம என் ரத்தத்தயே ரெண்டு போத்தல் எடுத்துக்க” என்றான் திலக்ஷன். “ஒண்ணுல அம்மான்னு எழுதிரு.”

“அதத்தானடா நான் செஞ்சேன்னு சொல்றாங்க.”

மூவரும் கொஞ்ச நேரம் சிரித்தோம். பிறகு அவள் சொன்னாள்: “அப்பா வேறயா இருக்குற கேஸ் வரும், பாத்து நடந்துக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. அம்மா வேறன்னு யாருக்கா யோசிப்பா?”

நான் எழுந்து சோற்றுத் தட்டைக் கழுவப் போனேன்.

பெரியம்மா வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து, கால் கழுவி, விஷயத்தைக் கேட்டார். கேட்டு முடித்ததும், “நான் வரல” என்றார்.

“வரலன்னா?”

“எனக்கு ஒடம்புல ரத்தம் இல்ல. போன தடவையே தலைய சுத்துச்சு.”

“ஒரு கரண்டி அளவுதாம்மா.”

“நாளைக்குப் பேரு போடாட்டி கங்காணி கத்துவாரு.”

“நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்.”

“பையன எப்படி எறக்குறது? பாத வழுக்குது.”

“நானும் நாகு அக்காவும் தூக்குறோம். நீ கைய மட்டும் நீட்டு, போதும்.”

“வேணாம் பாப்பா. விடு. வேற வேல பாத்துக்கலாம். இங்கயே பள்ளிக்கூடத்துல டீச்சரா போ.”

கிருஷாந்தி அவரைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “கண்டியில இருந்து இன்னைக்கி வரைக்கும் இது ஒண்ணுக்காகத்தாம்மா இருக்கேன். ஒரு ஊசிக்குப் பயந்துக்கிட்டு எல்லாத்தையும் விடச் சொல்றியா? உனக்கு ஊசின்னா பயம், என் பொழப்பு போனா பயமில்ல.”

“பயமில்லன்னு யாரு சொன்னா?” என்று கத்தினார் பெரியம்மா. அவர் கத்தி நான் கேட்டதில்லை. லயத்தில் இரண்டு கதவுகள் திறந்து, உடனே மூடிக்கொண்டன. அவர் வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போய்விட்டார். நானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

“நாகு, ரத்தம் எடுத்தா தெரிஞ்சிருமா?”

“தெரிஞ்சிரும் பெரியம்மா. மொத எடுத்ததுலயே தெரிஞ்சுதான் இருக்கு. அவங்கதான் அது பிள்ளையோட பிழைன்னு நெனச்சிட்டாங்க.”

“எடுக்காட்டி?”

“பிழை அவ மேலேயே நிக்கும்.”

அவர் மடியிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய போனை எடுத்து, ராசம்மாவைக் கூப்பிட்டார். காது மந்தம் என்பதால் சத்தமாகத்தான் வைப்பார். தண்ணீர் இரைச்சலுக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. விஷயம் தெரிந்ததும் ராசம்மா, “நான் வேணும்னா நாளைக்குக் கிளினிக்குக்கு வரவா மதினி? நானே சொல்லிர்றேன். பெத்தவ நான்னு என் வாயால…” என்றார்.

“வந்தீன்னா பாரு” என்றார் பெரியம்மா. “அந்தப் பக்கம் கால எடுத்து வச்சீன்னா பாரு. தவுட்ட மடியில வாங்கிக்கிட்டுப் போனவ நீ.”

“அதுக்கில்ல மதினி. பிள்ள பொழப்பு…”

“என் பிள்ள பொழப்பு எனக்குத் தெரியும்.”

போனை வைத்தார். பையில் திரும்பச் சுற்ற முடியவில்லை, நான் வாங்கிச் சுற்றிக் கொடுத்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பிரதாப் வந்த அன்றும் தோன்றியது. சத்தியம் செய்தவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. அதனால் அந்தப் பேச்சு என் வாயிலும் வராது. பெரியம்மா முகத்தைக் கழுவிக்கொண்டே, “அவன் ஒருத்தன் போயிக்கிட்டே இருக்கான் நாகு. கண்ணு முன்னாலயே போயிக்கிட்டு இருக்கான். இவளும் போயிட்டா நான் யாருக்குடி அம்மா?” என்றார்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. பெரியம்மா காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு இஸ்தோப்பில் வந்து நின்றார். கிருஷாந்தி ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவுக்குப் பயம் தெளிந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

திலக்ஷனைக் கொழுந்துச் சாக்கில் உட்கார வைத்து, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, நானும் அவளும் பாதையில் இறக்கினோம். “மெதுவா. நல்ல கொழுந்து, கசக்கிராதீங்க” என்றான். “தராசுல வச்சா கணக்கப்பிள்ள ஈரத்துக்குக் கழிப்பாரு. இவ்வளவு சாப்புட்டும் என்னாடா இவ்வளவுதானா எடன்னு கேட்டா எங்க அக்கா சமையல்னு சொல்லிருங்க.” பெரியம்மா பின்னால் வந்தார். வழுக்கிய இடங்களில்கூட எங்களைப் பிடித்துக்கொள்ளவில்லை. கீழே ஆட்டோ நின்றது.

கிளினிக் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். எங்களைப் போலத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் நீள வாங்குப் பலகைகளில் உட்கார்ந்திருந்தன. தூக்கி வந்த பிள்ளைகள், பேசாத பிள்ளைகள், தலை நிற்காத பிள்ளைகள். டாக்டர் எங்களைத்தான் முதலில் கூப்பிட்டார். ஊசி எடுக்க வேறொரு பெண் தயாராக இருந்தாள். கிருஷாந்தி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “நான் எதையும் தொட மாட்டேன். பேச்சு மட்டும்” என்று எங்களிடமும் சொல்லி, டாக்டரிடமும் சொன்னாள்.

ரத்தம் எடுக்கும் முன் குடும்ப விவரத்தை டாக்டரே முதலிலிருந்து கேட்டார். முன்பு கேட்டது கிருஷாந்தி அல்லவா, அதையும் இப்போது நம்ப முடியாது. அவர் சிங்களத்தில் கேட்பார், இவள் தமிழில் சொல்வாள். சிங்களம் எனக்கும் கொஞ்சம் புரியும். பெரியம்மாவின் வயது, ஊர், தாய் தகப்பன், அந்தத் தம்பி எப்போது நடக்க முடியாமல் போனார், எப்போது போனார். பெரியம்மா எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். கிருஷாந்தி வீட்டில் அம்மாவை நீ என்பாள். அங்கே நீங்க என்றாள். எல்லோரிடமும் அங்கே அப்படித்தான் பேசுவாளாம்.

“எத்தன பிள்ளைங்க பெத்தீங்கன்னு கேக்குறாங்க. பொறந்து செத்ததையும் சேத்துச் சொல்லுங்க.”

இந்தக் கேள்விக்குப் பெரியம்மா எத்தனையோ தடவை பதில் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். நாலு பெத்தேன், ரெண்டு போச்சு, ரெண்டு இருக்கு என்பார். அன்று டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு” என்றார்.

“அம்மா, நாலு” என்றாள் கிருஷாந்தி, தாழ்ந்த குரலில், டாக்டருக்குக் கேட்காமல். “அண்ணமாரு ரெண்டு, நான், தம்பி.”

“அண்ணமாரு ரெண்டு. தம்பி.”

கிருஷாந்தி புன்னகையோடுதான் இருந்தாள். அம்மா பதற்றத்தில் தடுமாறுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். திருத்துவதற்கு வாயைத் திறந்தாள். பெரியம்மா அப்போதுதான் அவளைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார், கண்ணை எடுக்கவில்லை. கிருஷாந்தியின் வாய் திறந்தபடி நின்றது.

பெரியம்மா என்ன சொன்னார் என்று டாக்டர் கேட்டார். மொழிபெயர்க்கிறவர் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, சொன்னதைத்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பயிற்சி. எனக்கு ஒருதரம் சொல்லியிருக்கிறாள். “துனய்” என்றாள். சிங்களத்தில் மூன்று. டாக்டருக்குக் கேட்கவில்லை, அதனால் இன்னொரு தரம் சொன்னாள்.

டாக்டரின் பேனா நின்றது. அவர் பெரியம்மாவைப் பார்த்தார், கிருஷாந்தியைப் பார்த்தார். நாற்காலியைத் தள்ளி எழுந்து, “தங்கச்சி, நீ உட்கார்” என்று சிங்களத்தில் சொல்லித் தன் நாற்காலியையே கொடுத்தார். அவள் உட்காரவில்லை. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் வெகுநேரம் மெதுவாகப் பேசினார். அது எனக்குப் புரியவில்லை. ஊசியோடு நின்ற பெண்ணைப் பார்த்து, வேண்டாம் என்று கையை அசைத்தார். கிருஷாந்தி தலையை ஆட்டினாள். கண்டியில் பெரியப்பா ஆட்டியதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

“டாக்டர் என்னா சொல்றாங்க?” என்று கேட்டான் திலக்ஷன்.

“ரத்தம் தேவையில்லயாம். என் மேல பிழை இல்லயாம். நான் அங்கயே இருக்கலாமாம்.” பிறகு எங்களைப் பார்க்காமலே, “வெளிய இருங்க. இன்னும் ஆள் இருக்கு” என்றாள்.

டாக்டர் அவளைப் போகச் சொல்லியும் அவள் போகவில்லை. அங்கே தமிழ் தெரிந்த ஆள் வேறு இல்லை. நாங்கள் ஜன்னலுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு குடும்பமாக உள்ளே போனது. ஒவ்வொரு தாயிடமும் அதே குரலில் அவள் கேட்பது எங்களுக்குக் கேட்டது. எத்தன பிள்ளைங்க பெத்தீங்க. பொறந்து செத்ததையும் சேத்துச் சொல்லுங்க. பெரியம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு, கடைசிக் குடும்பம் போகும் வரை அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாங்கி வந்த தேத்தண்ணி ஆறி ஆடை படிந்துவிட்டது.

லயத்துக்கு ஏறும்போது பையன்கூடப் பேசவில்லை. அவனைக் கிடத்திப் போர்த்திய பிறகு கிருஷாந்தி பையை அடுக்கத் தொடங்கினாள். பெரியம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பாப்பா. உனக்கு அது இல்லடி. உன் ரத்தத்துல அது வராது. நீ கட்டிக்கலாம். பிள்ள பெத்துக்கலாம்.”

“தெரியும். நான் படிச்சதே அதுதான்.”

“இனிப் பயமில்ல பாப்பா.”

“இருந்துட்டே போயிருக்கலாம்மா” என்றாள் அவள். “அது எனக்கு இருந்துட்டே போயிருக்கலாம்.”

ஒரு சட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, “பிரதாப் வந்தப்ப நீ அடுப்படியிலதான இருந்த?” என்று கேட்டாள். “நான் அவருகிட்ட சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான இருந்த?”

“சொன்னா நீ என் கைய விட்டுப் போயிருவ.”

“இப்ப?”

தன்னை யார் பெற்றது என்று கிருஷாந்தி கேட்கவில்லை. யூகித்திருப்பாள், குடும்பத்தை விசாரித்து வரைவதுதான் அவள் வேலை. கேட்டிருந்தால் பெரியம்மா சொல்லியிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் காலை பஸ்ஸுக்கு அவள் போய்விட்டாள். போகும் முன் கொட்டகலைப் பக்கம் வரவில்லை என்று ராசம்மா அழுதுகொண்டே போனில் சொன்னார். மற்ற மூன்று பெண்களோடு அவரும் அன்று வாசலில் காத்திருந்தாராம்.

இது நடந்து இப்போது வருஷம் ஒன்றாகிறது. கிருஷாந்தி பயிற்சியை முடித்துவிட்டாள். டாக்டர் எழுதிக் கொடுத்தார், அவள் விரும்பிய அந்த மூன்றாவது வழிக்கான மேல் படிப்பும் கிடைத்துவிட்டது. வேலையும் படிப்பும் சேர்ந்து ஓய்வே இல்லை என்கிறாள். தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. திலக்ஷனுக்கு இப்போது கையும் தூக்க முடிவதில்லை. மூச்சு வாங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கூப்பிடுவாள். பெரியம்மாவின் போனுக்கு அல்ல, என் போனுக்கு. நான் அதைத் திலக்ஷனின் காதோரம் பிடித்துக்கொள்வேன். பெரியம்மா உள்ளே வரமாட்டார், வாசலோடு நின்றுகொள்வார். அவருக்குக் கேட்க வேண்டும் என்று பையன் அக்கா சொல்வதையெல்லாம் திரும்பச் சத்தமாகச் சொல்வான். “பருப்பும் சோறும் சாப்ட்டியா? ஓ, கருவாடுமா?” “மட்டக்களப்புல இருந்து ஒரு குடும்பமா? அழுதாங்களா?” “தடிமனும் சளியும் விட்டுருச்சா? சரி சரி, கொத்தமல்லி போட்டுக் குடி.” பெரியம்மா ஒவ்வொன்றுக்கும் தலையசைப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மூச்சு அதிகம் வாங்கியது. நாலைந்து வார்த்தைக்கு ஒருதரம் நிறுத்தி நிறுத்திப் பேசினான். கடைசியில், “அக்கா, அம்மா இங்கதான் நிக்கிது. குடுக்கவா?” என்று கேட்டான்.

போன் என் கையில் இருந்ததால் அவள் சொன்னது எனக்கும் கேட்டது. “வேணாம்டா. இன்னைக்கி வேணாம்.”

பெரியம்மா ஒரு அடி உள்ளே வைத்துவிட்டார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

திலக்ஷன் மூச்சை இழுத்து விட்டான். “சிக்னல் போயிருச்சும்மா” என்றான்.

“சரி. அடுத்த வாரம் பேசிக்கிறேன்” என்றார் பெரியம்மா.